குடை எழுதுகிறார்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆட்களை அவரவர் வேலை பார்க்கும் அறையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். "லேப் இன்னும் சாப்பிட வரலியா?" என்றால் அது நான். "எக்ஸ்ரேகிட்ட கேளு" என்றால் பக்கத்து அறையில் பன்னிரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கும் என் தோழி. இது அவளுடைய கதை.

நாற்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு, கட்டையான குரல். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பேரிடம் "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று சொல்ல வேண்டிய வேலை. அவள் கணவர் மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பவர். ஒரு முறை என்னிடம் சொன்னார்: "எங்க வீட்ல சண்டைகூட 'அசையாதீங்க'ன்னுதாங்க ஆரம்பிக்கும்."

வீட்டில் அவளோடு இருப்பது அவள் அக்கா. எட்டு வயது மூத்தவர். ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர். ஏழு வருடங்களுக்கு முன் ஆபீஸ் மாடிப்படியில் கால் வழுக்கி விழுந்ததில் கழுத்தெலும்பு போய்விட்டது. தோளுக்குக் கீழே எதுவும் அசையாது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் சொன்னதைக் கேட்கும். "நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை அடிச்ச கை. பத்துல எட்டை எடுத்துக்கிட்டு ரெண்டைத் திருப்பிக் குடுத்திருக்கான் ஆண்டவன், பெரிய மனசுதான்" என்பார் அக்கா. வாய் மட்டும் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது என்று எக்ஸ்ரே சொல்வாள்.

அந்த முதல் வருடம் அவளுக்குப் பேச ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்து, உச்சுக் கொட்டி, பழம் வைத்துவிட்டுப் போனார்கள். அதனால் அவள் இணையத்தில் ஒரு வலைப்பதிவு தொடங்கினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, முதுகுப் புண்ணுக்கு எந்த மருந்து கேட்டது, இன்று எதற்குக் கோபித்துக்கொண்டேன், ஏன் குளியலறையில் போய் அழுதேன் என்று எழுதினாள். யாரோ படித்தார்கள். படித்தவர்கள் தங்கள் வீட்டுக் கட்டிலைப் பற்றிப் பின்னூட்டத்தில் எழுதினார்கள். சில பின்னூட்டங்கள் அவள் பதிவைவிட நீளம். "நானும் இங்கேயே எழுதலாமா?" என்று நாலைந்து பேர் கேட்டதும், எங்கெங்கோ படித்துத் தானாகவே கற்றுக்கொண்டு, யார் வேண்டுமானாலும் தனக்கென்று ஒரு பக்கம் திறந்து எழுதலாம் என்கிற மாதிரி அந்தத் தளத்தை மாற்றி அமைத்தாள். 'பக்கத்துக் கட்டில்' என்று பெயர் வைத்தாள். ஆறு வருடத்தில் முந்நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

தளத்துக்கு மூன்று விதிகள் போட்டாள். மருந்து விற்கக் கூடாது. அடுத்தவர் நோயாளியைக் கேலி செய்யக் கூடாது. சொந்தப் பெயரோ ஊரோ வெளியே தெரிய எழுதக் கூடாது. மூன்றாவது விதியில் அவளுக்குப் பெருமை அதிகம். "படுத்திருக்கிறவங்ககிட்ட நாம கேட்டா எழுதுறோம்? அவங்க மானம் நம்ம கையில இருக்கு" என்பாள்.

அந்த விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியவர் ஒருவர் இருந்தார். தன் பக்கத்தில் முகத்துக்குப் பதிலாக ஒரு கறுப்புக் குடையின் படத்தைப் போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவர் குடை. மனைவிக்கு நுரையீரல் நோய், நாள் முழுக்க ஆக்ஸிஜன் மெஷினோடு வாழ்கிறவர். குடை எழுதினால் சிரிக்காமல் படிக்க முடியாது. அந்த மெஷினுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார். "காலையிலிருந்து முணுமுணுப்பு. நிறுத்தினாலும் பயம், நிறுத்தாவிட்டாலும் தலைவலி" என்று ஒரு முறை எழுதியிருந்ததை எக்ஸ்ரே எனக்குச் சாப்பாட்டு இடைவேளையில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

சாட் வேண்டும் என்று முதலில் கேட்டது ரெண்டாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவர். "பதிவு போட்டால் பதில் வர இரண்டு நாள் ஆகிறது. அதற்குள் காய்ச்சல் இறங்கிவிடுகிறது, இல்லையென்றால் ஏறிவிடுகிறது. உடனுக்குடன் பேச ஒரு வழி செய்யுங்களேன்" என்று எழுதினார். அதன் கீழே எழுபது பேர் ஆமாம் போட்டார்கள்.

எக்ஸ்ரே தயங்கினாள். "எழுதுறப்போ மனுஷன் கொஞ்சம் யோசிக்கிறான். பேச்சுன்னா வாய்க்கு வந்தது வரும்" என்றாள் என்னிடம். ஆனாலும் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். முதலில் போட்ட பிளகின் என்ற ஆயத்த மென்பொருள், திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மூன்று விநாடிக்கு ஒரு முறை சர்வரிடம் போய்ப் புதுசா ஏதாவது உண்டா, புதுசா ஏதாவது உண்டா என்று நச்சரித்தது. நூறு பேர் ஒரே நேரத்தில் வந்ததும் சர்வர் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. தளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனி எச்சரிக்கை அனுப்பியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வேறு முறையில் தானே எழுதினாள். வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. தளத்தில் இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. யாராவது தட்டச்சு செய்யத் தொடங்கினால் 'எழுதுகிறார்…' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

சாட் வந்த பிறகு அந்த வீடே மாறிவிட்டது. அதுவரை அக்கா அந்தத் தளத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கட்டிலுக்கு மேலே ஒரு தாங்கியில் டேப்லெட்டைப் பொருத்தி, கைக்கு எட்டுகிற மாதிரி இறக்கி வைத்ததும், பகல் முழுவதும் சாட்டில் இருக்கும் ஒரே ஆள் அக்காவாகிவிட்டார். புதிதாக வருகிறவர்களை வரவேற்பது, சண்டை வந்தால் அதட்டுவது எல்லாம் அவர்தான். அந்த இரண்டு விரல்களுக்கு மறுபடியும் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

ஒரு மாலை எக்ஸ்ரே வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா சொன்னாராம்: "உன் பழைய பதிவெல்லாம் படிச்சு முடிச்சாச்சு."

இவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னென்ன எழுதியிருக்கிறாள்! "அக்கா, அது வந்து…"

"முதுகுப் புண்ணுன்னு எழுதியிருக்கே. அது முதுகு இல்லடி, இடுப்பு. திருத்திடு."

அதோடு விட்டுவிட்டார். குளியலறை அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாட்டில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. ஒருவர் எழுதத் தொடங்கியதும் ஒரு செய்தி சர்வருக்குப் போகும், நிறுத்தியதும் இன்னொன்று போகும். நடுவில் இணைப்பு அறுந்தால் இரண்டாவது செய்தி போகாது. அப்போது 'எழுதுகிறார்…' அப்படியே நின்றுவிடும். ஒரு நாள் ரெண்டாம் மாடி கடைக்குப் போயிருந்த மத்தியானம் முழுக்க 'ரெண்டாம் மாடி எழுதுகிறார்…' என்றே காட்டிக்கொண்டிருந்தது. "என்னம்மா, காவியமா எழுதுறீங்க?" என்று குடை கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்ரே அதைச் சரி செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் குறித்து வைத்தாள். பதினோராவதாக. அதற்கு முன்னால் இருந்த பத்தும் அவளுக்கு அவசரமாகத் தெரிந்தன.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே முக்கால் இருக்கும். எங்கள் தாழ்வாரத்தில் கூட்டம் நெரிந்தது. வேலை நேரத்தில் எக்ஸ்ரே தன் போனை அலமாரியில் பூட்டி வைத்துவிடுவாள். அதனால் லேப் மேஜையில் இருந்த ஆஸ்பத்திரி போன் அடித்தது. பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் பேசினார். "அக்கா உடனே தங்கச்சிய கூப்பிடச் சொல்றாங்க. குடையாம், அவர் வீட்டம்மாவுக்கு மூச்சு முட்டுதாம்."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அலமாரியைத் திறந்து போனை எடுத்தாள். இருவருமாகப் பார்த்தோம்.

குடை எழுதியிருந்தார்: "மூச்சு வாங்குகிறது. மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது."

தளத்தில் செவிலி என்று ஒருவர் உண்டு. முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உடனே பதில் போட்டிருந்தார்: "குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அவர்களை உட்கார வையுங்கள். மாற்று சிலிண்டர் இருக்கிறதா?"

"இருக்கிறது. திறக்கும் சாவியைக் காணவில்லை."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உடனே."

அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பேர், ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று. எல்லாவற்றுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில்: குடை எழுதுகிறார்…

"எழுதிட்டிருக்கார்" என்றேன் நான். எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

அதற்குள் அவளை அறைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். கதவு சாத்தியது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்ற குரல் கேட்டது. "இப்ப விடுங்க" என்பது வர நேரமாயிற்று. அந்தப் பெரியவர் வெளியே வந்து, "என்னம்மா, பிடிக்கச் சொன்னவங்க விடச் சொல்ல மறந்துட்டாங்க" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

நான் மேலதிகாரியிடம் போய் இருபது நிமிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். அவள் என் லேப் ஸ்டூலில் உட்கார்ந்து அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

"ஒரு வீட்ல ஒருத்தங்களுக்கு மூச்சு விட முடியல. உடனே ஆம்புலன்ஸ் அனுப்பணும்."

"விலாசம் சொல்லுங்க."

"தெரியாது."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாதுங்க."

"பேஷன்ட் பேரு?"

"தெரியாது. வீட்டுக்காரர் பேரு…" நிறுத்தினாள். "குடை."

"அம்மா, இது அவசர லைன். விளையாடாதீங்க."

"விளையாடலைங்க, சத்தியமா விளையாடல." அவள் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டேன்.

போலீஸிலும் அதே கேள்விகள். அவளிடம் இருந்தது அவர் பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரியும், இணைய இணைப்பின் எண்ணும்தான். அந்த எண்ணை வைத்துத் தேடினால் இணைப்புக் கொடுத்த கம்பெனியின் பெயர் வந்தது. அந்தக் கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான வீடுகளில் இணைப்பு. அங்கே பேசிய பெண் அலுப்பில்லாமல், தன்மையாகத்தான் சொன்னாள்: "மேடம், வாடிக்கையாளர் விலாசத்தை நாங்க வெளியாளுக்குத் தர முடியாது. போலீஸ் எழுதிக் கேட்கணும்." போலீஸோ யாராவது எழுதிப் புகார் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். யார் மேல், எதற்காக, என்ன புகார்?

வீட்டில் அக்கா சும்மா இருக்கவில்லை. "குடை எழுதிய பதிவுகளை ஆளுக்குப் பத்தாகப் பிரித்துப் படியுங்கள். ஊர், தெரு, கடை, ஏதாவது துப்புக் கிடைக்கிறதா பாருங்கள்" என்று சாட்டில் உத்தரவு போட்டிருந்தார். இருபது பேர் இருநூற்றுச் சொச்சம் பதிவுகளைப் பிரித்துக்கொண்டு தேடினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பாலம் உண்டு. எந்தப் பாலம் என்று இல்லை. கீழே பூட்டுச் சாவிக் கடை. எந்தத் தெரு என்று இல்லை. மூன்று வருடம், இருநூறு பதிவு, அந்த மனிதர் ஓர் இடத்தில்கூட வாய் தவறவில்லை.

"என் ரூல்" என்றாள் எக்ஸ்ரே. "பாரேன், எவ்வளவு ஒழுங்கா இருந்திருக்கார்."

இந்த முறை அக்காவே போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டாள். "ஏன்டி பதறுறே? அவர் இன்னும் எழுதிட்டுதான் இருக்கார். அரை மணி நேரமா காட்டுது. கை நடுங்குது போல, மெதுவா எழுதுறார். நாங்க எல்லாரும் இருக்கோம்னு சொல்லிட்டே இருக்கோம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். "அக்கா, அது பொய்."

"என்ன பொய்?"

"அவர் எழுதல. லைன் எப்பவோ போயிடுச்சு. இணைப்பு அறுந்தா அந்த வரி அப்படியே நிக்கும். அன்னிக்கு ரெண்டாம் மாடிக்கு நின்னுச்சே, அது மாதிரி. நான்தான் சரி பண்ணல."

டேப்லெட்டில் செய்திகள் வந்து விழும் 'டிங், டிங்' சத்தம் மட்டும் போன் வழியாகக் கேட்டது. முப்பது பேர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு அவரிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லச் சொன்னாள். அக்கா முடியாது என்றார். கடைசியில் எக்ஸ்ரேயே என் மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். அவள் செய்தி போனதும் டிங் சத்தம் நின்றுவிட்டது. இருபது நிமிடம் முடிந்திருந்தது. எழுந்து தன் அறைக்குப் போனாள். அன்று சாயங்காலம் வரை முப்பத்தெட்டுப் பேருக்குப் படம் எடுத்தாள். ஒன்றைக்கூட இரண்டாம் முறை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் பதினோராவது கோளாறைச் சரி செய்தாள். இருபது நிமிட வேலைதான் என்று மறுநாள் சொன்னாள்.

அதன் பிறகு காத்திருப்பு. அவர் மின்னஞ்சலுக்குத் தினமும் ஒன்று அனுப்பினாள். பதில் இல்லை. சாட்டில் யாரும் குடையின் பெயரை எடுப்பதில்லை, ஆனால் எல்லோரும் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி எரிகிறதா என்றுதான்.

இருபத்து மூன்றாம் நாள் குடை ஒரு பதிவு போட்டார். சாட்டில் வரவில்லை, தன் பக்கத்தில் எழுதினார். வேடிக்கை ஒன்றும் இல்லாத, சின்னப் பதிவு. மனைவி அன்றைக்கே, மத்தியானம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். செவிலி சொன்னதும் தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதாகவும், அப்போது போன் கைநழுவிக் கீழே விழுந்ததாகவும், பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மற்றதைப் பார்த்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார். நடுவில் இரண்டு வரி: "அன்று நான் முதலில் சாட்டைத்தான் திறந்தேன். ஏன் என்று தெரியவில்லை, கை அங்கேதான் போயிற்று. நான்கு நிமிடம் இருக்கும். அந்த நான்கு நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொல்கிறார்."

எக்ஸ்ரே அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யார் மேலும் குற்றம் சொல்லாத வரிகள். யாராவது திட்டியிருந்தால் பதில் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"டாக்டரே சொல்லிட்டாரேப்பா" என்றேன்.

"நாமளும் அதே ஆஸ்பத்திரி உத்தியோகம்தான பார்க்கிறோம்? செத்துப்போனவங்க வீட்ல நம்ம டாக்டருங்க வேற என்ன சொல்லி நீ கேட்டிருக்கே?"

அவள் சாட்டுக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'அவசரமென்றால் முதலில் ஆம்புலன்ஸ்' என்று போட்டாள். விருப்பமுள்ளவர்கள் விலாசத்தை நிர்வாகிக்கு மட்டும் தெரியும்படி எழுதி வைக்க ஒரு கட்டம் சேர்த்தாள். முந்நூற்று நாற்பது பேரில் பதினொரு பேர்தான் எழுதினார்கள். மீதிப் பேர் மூன்றாம் விதியை அவளுக்கே ஞாபகப்படுத்தினார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் சாட்டை நிறுத்திவிட்டாள். மூலையில் இருந்த பெட்டி காணாமல் போயிற்று. அடுத்த அறையில் அக்காவின் விரல் டேப்லெட்டில் இரண்டு மூன்று முறை தட்டுவது கேட்டது. பிறகு நின்றது. அவள் உள்ளே போனாள்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்க்கா. என்னால முடியல."

அக்கா வாதாடுவார் என்று எதிர்பார்த்தாள். அதற்கான பதில்களையெல்லாம் தயாராகவும் வைத்திருந்தாள். அக்கா சொன்னதோ: "என்னைக் கொஞ்சம் சுவத்துப் பக்கமா திருப்பி விடு."

இவள் அக்காவின் தோளுக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்து, திருப்பிவிட்டாள். அக்கா தன் முதுகைத் தங்கைக்குக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"என்மேல கோவிச்சுக்கிட்டுத் திரும்பறதுக்கும் நான்தான் வேணும்" என்று என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் அறுபது கடிதங்கள் வந்தன. 'பகல் பூராவும் அப்பாவையும் சுவரையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தயவு செய்து' என்று ரெண்டாம் மாடி எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன் அவள் சாட்டைத் திரும்பப் போட்டாள். சரி என்று தோன்றிப் போட்டதல்ல, வேறு வழி தெரியாமல் போட்டது. அக்கா நன்றி சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாராம்.

குடை பிறகு எதுவும் எழுதவில்லை. 'பார்த்துக்கொள்ள இனி எனக்கு யாரும் இல்லை. இங்கே இருக்கலாமா என்று தெரியவில்லை' என்று ஒரு வரி மட்டும் எக்ஸ்ரேக்கு அனுப்பினார். 'இருங்கள்' என்று பதில் போட்டாள். அதற்கு மேல் எழுத வரவில்லை என்றாள்.

போனது குடை மட்டும் அல்ல. சாட் திரும்பி வந்தும் செவிலி வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் அனுப்பினார். எக்ஸ்ரே அதை எனக்குக் காட்டினாள். 'அன்று நான் முதலில் குழாயைப் பார்க்கச் சொன்னேன். பிறகு சிலிண்டரைக் கேட்டேன். ஆம்புலன்ஸை மூன்றாவதாகத்தான் சொன்னேன். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். என் கணக்கை மூடிவிடுங்கள்' என்று இருந்தது.

எக்ஸ்ரே கணக்கை மூடவில்லை. பதிலும் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த நர்ஸம்மாவுக்கு பதில் போட்டியா?" என்று கேட்டார் அக்கா.

"இல்ல."

"போடுடி. பாவம்."

"என்னன்னு போட?"

அக்கா யோசித்தார். அவருக்கு எதற்கும் பதில் உடனே வரும், எனக்குத் தெரியும். சீப்பு இரண்டு முறை முடியில் இறங்கி வந்தது. என்னையும் ஒரு முறை பார்த்தார், நான் ஏதாவது சொல்வேனா என்பது போல. நான் குடித்துக்கொண்டிருந்த காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேப்லெட் டிங் என்றது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் தம்பிக்கு விக்கல் நிற்கவே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்.

"எப்போலேர்ந்துன்னு கேளு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அக்கா விரலைத் தூக்கினார்.